தேர் நிலைக்கு வருவது போல: பட நிறுவனத்தின் அசையும் லோகோ பற்றி ஓர் எளிய விளக்கம்

படத் தயாரிப்பில் புதிதாக இறங்கும் ஒருவர் சாலிகிராமத்தில் உள்ள எங்கள் கிராபிக்ஸ் அறைக்கு வந்தால், பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து காட்டி, "லோகோ ரெடியா இருக்கு சார், இதைக் கொஞ்சம் ஆட்டி விட்டா போதும்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. படம் தொடங்குவதற்கு முன் திரையில் வந்துபோகும் எல்லாவற்றையும் ‘லோகோ’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதும், அதைச் செய்வது ஒரு பொத்தானை அழுத்துகிற வேலை என்று எண்ணுவதும் திரைத்துறைக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் பரவலாக இருக்கும் பழக்கம். அந்த ‘ஆட்டி விடுதல்’ என்ற சொல்லுக்குள் என்னென்ன வேலைகள் அடங்கியிருக்கின்றன என்பதை, தொழில்நுட்பம் அறியாதவரும் பின்தொடரும் வகையில் இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

திரையில் வரும் எது லோகோ?

லோகோ என்பது ஒரு நிறுவனத்தின் பெயரையோ குறியையோ எப்போதும் மாறாத ஒரே வடிவில் காட்டும் நிலையான படம். லெட்டர்பேடின் தலைப்பிலும் போஸ்டரின் மூலையிலும் அலுவலகக் கதவிலும் இருப்பது அதுதான். அந்தப் பெயரும் குறியும் தமக்கென ஒரு தொடக்கமும் முடிவும் ஒலியும் கொண்ட சில விநாடிக் காட்சியாகத் திரையில் ஓடும்போது அதை அசையும் லோகோ என்று இக்கட்டுரையில் அழைப்போம். தொழிலில் இதை ‘லோகோ அனிமேஷன்’ என்பார்கள். பழைய ஆட்கள் இன்னமும் ‘எம்பளம்’ என்றே சொல்வார்கள். ‘பெரிய பேனர் படம்’ என்று நாம் சொல்லும்போது வரும் ‘பேனர்’ என்ற சொல் லோகோவைக் குறிப்பதில்லை. அது தயாரிப்பு நிறுவனத்தையே குறிக்கிறது.

திரையரங்கில் விளக்கு அணைந்த பிறகு வருபவற்றை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். தணிக்கைச் சான்றிதழ் வருகிறது. அது அரசின் ஆவணம். புகையிலை எச்சரிக்கை வருகிறது. அது சட்டம் கேட்கும் அறிவிப்பு. நன்றி சொல்லும் அட்டைகள் வருகின்றன. அவற்றை ஒட்டித்தான் நிறுவனங்களின் லோகோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றிலும் ‘வெளியீடு’ என்று போட்டால் அது படத்தை வாங்கித் திரையரங்குகளுக்குக் கொண்டுபோகும் விநியோக நிறுவனம். ‘தயாரிப்பு’ என்று போட்டால் அது பணம் போட்டுப் படத்தை உருவாக்கிய நிறுவனம். ‘வழங்கும்’ என்ற சொல் இந்த இரண்டு இடங்களிலும் வரும் என்பதால் குழப்பம் கூடுகிறது. ஒரே நிறுவனம் இரண்டு வேலைகளையும் செய்யலாம் என்பது இன்னொரு சிக்கல். சன் பிக்சர்ஸ் 2008-இல் பிறர் எடுத்த படங்களை வெளியிடும் நிறுவனமாகத்தான் திரைக்கு வந்தது. தானே முழுமையாகத் தயாரித்த படத்தை 2010-இல் வெளியிட்டது. ஆகவே ஒரு லோகோவைப் பார்த்த மாத்திரத்தில் ‘இவர்கள்தான் படத்தை எடுத்தவர்கள்’ என்று முடிவு கட்ட முடியாது.

இதுவரை சொன்னதன் சாரம்: லோகோ நிலையான படம், அசையும் லோகோ அதை வைத்துச் செய்யப்படும் மிகச் சிறிய திரைப்படம், படத்துக்கு முன் வரும் எல்லாமும் லோகோ ஆகிவிடாது.

கோலமும் கோலம் போடுவதும்

ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நடக்கும் கோலப் போட்டிக்குப் போயிருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். போட்டு முடித்த கோலத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் கூட்டம், பாதியில் நிற்கும் கோலத்தைச் சுற்றி வெகுநேரம் நின்றுகொண்டிருக்கும். புள்ளிகள் வைத்தாயிற்று, கம்பி ஒன்று வளைந்து போகிறது, அது எந்தப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பும் என்பது தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் காலைக் கட்டிப் போடுகிறது. முடிந்த கோலம் லோகோ என்றால், கோலம் போடப்படுவதை நின்று பார்ப்பது அசையும் லோகோ. வடிவம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் அந்த வடிவம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதும் நம் நினைவில் ஏறிவிடுகிறது.

அசைவு வெறும் அலங்காரம் அல்ல, அதுவே அடையாளத்தின் ஒரு பாதி என்பதற்கு ஹாலிவுட்டில் தெளிவான சான்று உண்டு. தேடுவிளக்குகள் வானத்தைத் துழாவ, கேமரா ஒரு பிரம்மாண்டமான எழுத்துக் கட்டடத்தைச் சுற்றி வர, ஆல்ஃபிரட் நியூமன் 1933-இல் அமைத்த முழக்கத்தோடு வரும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் லோகோவை ஆங்கிலப் படம் பார்க்காதவர்கள்கூட அறிவார்கள். அந்த நிறுவனத்தை 2019-இல் டிஸ்னி வாங்கியது. 2020-இல் பெயரிலிருந்து ‘ஃபாக்ஸ்’ நீக்கப்பட்டு ‘ஸ்டுடியோஸ்’ என்ற சொல் அங்கே ஏறியது. விளக்குகளையும் கேமராவின் போக்கையும் முழக்கத்தையும் மட்டும் அவர்கள் தொடவில்லை. பெயர்ப்பலகையில் ஒரு சொல்லே மாறியும் பார்வையாளர்களுக்கு அது பழைய லோகோவாகவே தெரிகிறது.

கணினிக்கு முன்பும் லோகோ அசைந்தது

‘அனிமேஷன்’ என்றவுடன் கணினி என்று முடிவு செய்துவிடுகிறோம். சென்னையின் பழைய படக் கம்பெனிகளிடம் கணினி ஏது? எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவுக்கு ஊதுகொம்பு ஊதும் இரண்டு சிறுவர்கள் அடையாளம். ‘ஜெமினி’ என்றால் இரட்டையர் என்பதால் இருவர். அந்த ஸ்டுடியோ மறைந்து பல காலம் ஆகிவிட்டது. 1973-இல் அங்கே கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அண்ணாவின் பெயர் சூட்டப்பட்டிருந்தும், இன்றுவரை பேருந்தில் ‘ஜெமினி ஒண்ணு’ என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். வடபழனியில் ஏவி.எம். ஸ்டுடியோவின் வாசலில் இருக்கும் சுழலும் உருண்டையை, ஆற்காடு சாலையில் பயணம் செய்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொள்வதுண்டு. கே. பாலசந்தரின் கவிதாலயா, திருவள்ளுவர் சிலையையும் ‘அகர முதல’ என்று தொடங்கும் குறளையும் தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. குறள் காதில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கும் இது யார் படம் என்று தெரிந்துவிடும்.

இவற்றுள் பலவும் உண்மையான பொருளையோ ஆளையோ கேமரா முன் நிறுத்தி எடுத்தவை. எம்ஜிஎம் நிறுவனத்தின் சிங்கமும் அப்படித்தான். 1924 முதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல உயிருள்ள சிங்கங்கள் கேமரா முன் அமர்த்தப்பட்டன. பேசாப்பட காலத்தில் சிங்கம் வாயைத் திறந்தும் ஒலி இல்லை; கர்ஜனை 1928-இல் சேர்ந்தது. 2021-இல்தான் அந்த இடத்துக்குக் கணினியில் உருவாக்கிய சிங்கம் வந்தது. எழுத்துகள் மிதந்து வரவேண்டும், ஒளிக்கதிர் விரியவேண்டும் என்றால் கண்ணாடித் தகடுகளில் எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக, நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார்கள். 35 எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுவதால், பத்து விநாடி லோகோ என்றால் பதினைந்து அடி பிலிம். அந்தப் பதினைந்து அடியில் ஒரு தகடு கை தவறிச் சற்றே நகர்ந்துவிட்டால் முதல் அடியிலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டும்.

புள்ளியும் தேரும்: அசைவு எப்படிப் பிறக்கிறது

இப்போது உண்மையான வேலைக்குள் நுழைவோம். திரையில் எதுவும் நகர்வதில்லை. சற்றே வேறுபட்ட நிலையான படங்கள் விநாடிக்கு 24 வீதம் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன; அவற்றை அசைவாக இணைத்துக்கொள்வது நம் கண்ணும் மூளையும். அப்படிக் காட்டப்படும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம். 12 விநாடி லோகோவில் 288 ஃபிரேம்கள் இருக்கும்.

இந்த 288 படங்களையும் ஒருவர் தனித்தனியாக வரையவேண்டியதில்லை. புள்ளிக் கோலத்தில் முதலில் புள்ளிகளை வைத்துக்கொண்டு பிறகு கம்பியை இழுப்பதைப்போல, முக்கியமான நிலைகளை மட்டும் நாம் குறித்துக் கொடுக்கிறோம்: முதலாவது ஃபிரேமில் எழுத்து திரைக்கு மேலே இருக்கவேண்டும், 36-ஆவது ஃபிரேமில் நடுவில் வந்து நிற்கவேண்டும். இப்படிக் குறிக்கப்படும் நிலைக்குக் கீ ஃபிரேம் என்று பெயர். இடைப்பட்ட ஃபிரேம்களில் எழுத்து எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கணினி கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும். ‘ஆட்டி விடுதல்’ என்று வாடிக்கையாளர் சொல்வது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. வேலை தொடங்குவதோ இங்கேதான்.

காரணம், கணினி தன் போக்கில் நிரப்பினால் எழுத்து ஒவ்வொரு ஃபிரேமிலும் சமமான தூரம் நகர்ந்து வந்து, 36-ஆவதில் சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். உலகில் எடையுள்ள எந்தப் பொருளும் அப்படி நிற்பதில்லை. பங்குனிப் பெருவிழாவில் கபாலீஸ்வரர் கோயில் தேரைப் பாருங்கள். வடத்தை இழுத்தவுடன் அது ஓடிவிடுவதில்லை. ஒரு முனகல், ஒரு சிறு அசைவு, பிறகுதான் வேகம். நிறுத்துவதும் அப்படியே. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைக் கொடுத்துக் கொடுத்து, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிலைக்குக் கொண்டுவருவார்கள். அசைவின் தொடக்கத்திலும் முடிவிலும் வேகத்தை இவ்வாறு படிப்படியாக ஏற்றி இறக்குவதற்கு ஈஸிங் என்று பெயர். திரையில் வரும் உருவத்துக்கு ஏது எடை? அது இருப்பதாக நம்மை நம்ப வைப்பது இதுதான்.

எங்கள் அறையில் இந்த வேலையைச் செய்யும் தம்பியின் கணினித் திரையில், லோகோ ஒரு மூலையில் சிறிதாக இருக்கும். பெரும் பகுதியை நிறைத்திருப்பது ஒரு வளைகோடு. கிடையாக நேரம், செங்குத்தாக வேகம். சென்ற மாதம் ஒரு கல்தூண் எழும்பி நிற்கவேண்டிய லோகோவில், தூண் ‘பிளாஸ்டிக் மாதிரி’ தெரிகிறது என்று தயாரிப்பாளர் சொன்னார். கல்லின் நிறத்தை மாற்றவேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தம்பி நிறத்தைத் தொடவில்லை. வளைகோட்டின் கடைசி முனையைச் சுட்டியால் பிடித்து, 36-இல் முடிந்ததை 52 வரை இழுத்துவிட்டு, முடிவை நெருங்கும் இடத்தில் கோடு கிட்டத்தட்ட தரையோடு படுக்கும்படி வளைத்தார். கூடியது 16 ஃபிரேம், அதாவது ஒரு விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. ஓட்டிப் பார்த்தபோது தூண் கனத்துவிட்டது. "இப்பதான் சார் கல்லு" என்றார் தயாரிப்பாளர். நிறம் மாற்றப்படவே இல்லை என்று அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

சுருங்கச் சொன்னால், ஃபிரேம் என்பது ஒரு நிலைப்படம். கீ ஃபிரேம் என்பது நாம் வைக்கும் புள்ளி. ஈஸிங் என்பது தேரின் நடை. லோகோ நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் மூன்றாவதுதான் தீர்மானிக்கிறது.

களிமண், விளக்கு, கேமரா

தங்க எழுத்து, பளிங்குத் தரை, மேகத்துக்கு நடுவே கோபுரம் என்று நாம் பார்ப்பவை கணினிக்குள் எப்படி உருவாகின்றன? சதுர்த்திக்கு முன் கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்யும் வரிசையேதான் இங்கும். முதலில் வண்ணமில்லாத உருவம் பிடிக்கப்படுகிறது. பிறகு அதன் மேல்பரப்பு என்ன பொருள், எவ்வளவு மினுமினுக்கும், எவ்வளவு சொரசொரப்பு என்று தீர்மானிக்கப்படுகிறது. அதன்பின் விளக்குகளும் கேமராவும் வைக்கப்படுகின்றன. விளக்கும் கேமராவும் கணினிக்குள் கற்பனையாக இருப்பவை; ஆனால் உண்மையான ஒளிப்பதிவாளர் கேட்கும் கேள்விகளையே அவற்றுக்கும் கேட்கவேண்டும். இப்படி நீளம், அகலம், ஆழம் மூன்றும் கொண்டதாகச் செய்யப்படுவதால் இதை 3டி லோகோ என்கிறோம். கண்ணாடி அணிந்து பார்க்கும் 3டி படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, "கண்ணாடி தனியாக வாங்கணுமா?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டதால் இதைச் சொல்ல நேர்கிறது.

எல்லாம் தயாரான பின், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி எங்கே பட்டு எங்கே சிதறுகிறது என்று கணினி கணக்கிட்டு முழுப் படமாக எழுதித் தரவேண்டும். இந்தக் கணக்கீட்டுக்கு ரெண்டர் என்று பெயர். ஒரு ஃபிரேமுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 288 ஃபிரேமுக்கு 5760 நிமிடம், அதாவது 96 மணி நேரம். ஒரே கணினி என்றால் நான்கு இரவும் நான்கு பகலும் இடைவிடாமல் ஓடவேண்டும். எட்டுக் கணினிகளுக்குப் பங்கிட்டால் பன்னிரண்டு மணி நேரம். நடுவில் மின்சாரம் போகக்கூடாது என்று வேண்டிக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

ரெண்டர் முடிந்த பிறகு, "தங்கம் கொஞ்சம் மஞ்சளா இருக்கு, சிவப்பாக்குங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால் அந்த 96 மணி நேரமும் வீணா? அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் எழுத்து, நிழல், பின்னணி, புகை, மினுமினுப்பு ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக ரெண்டர் செய்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இந்தச் சேர்ப்புக்குக் காம்பாசிட்டிங் என்று பெயர். பழைய காலத்துக் கண்ணாடித் தகடுகள்தான் இங்கே கணினிக்குள் குடியேறியிருக்கின்றன. எழுத்தின் அடுக்கை மட்டும் சிவப்பாக்கிவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விட்டுவிடலாம். புதிதாக நிறுவனம் தொடங்குபவர்களுக்கு என் ஆலோசனை ஒன்று உண்டு: முடிந்த வீடியோவோடு இந்த அடுக்குகளையும் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கழித்து நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்க்கவேண்டி வந்தால் அன்றைக்கு அவற்றின் அருமை தெரியும்.

காதுக்கு ஒரு லோகோ

கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டையில் அது தொடங்கியதும், பிராகாரத்தின் மறுபக்கம் நிற்பவருக்கும் சுவாமி கிளம்பிவிட்டார் என்று தெரிந்துவிடும். இரவு பத்து மணிக்குத் தெருவில் கேட்கும் குல்ஃபி வண்டியின் மணியும் அதே வேலையைச் செய்கிறது; யாரும் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்வதில்லை, சில்லறையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அசையும் லோகோவின் ஒலிக்கும் வேலை இதுதான். படத்தைவிட ஒலிதான் முதலில் அடையாளம் காட்டுகிறது. திரையைப் பார்க்காமல் பாப்கார்னைப் பிரித்துக்கொண்டிருப்பவரையும் அது எட்டிவிடுகிறது.

ஆனால் ஒலியைக் கடைசியில் ‘மேலே போட்டுக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைப்பதுதான் நான் பார்த்தவரை மிகப் பரவலான தவறு. பெயர் நிலைக்கு வரும் அந்த ஒரு ஃபிரேமும், இசையின் அழுத்தமான அடி விழும் கணமும் ஒன்றாக இருக்கவேண்டும். சில ஃபிரேம் தள்ளினாலே பார்ப்பவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது. ஆகவே இசையமைப்பாளரும் அனிமேஷன் செய்பவரும் முதல் நாளே, எந்த விநாடியில் அடி விழுகிறது என்பதைத் தாளக்கட்டுப்போலப் பேசி முடிவு செய்துகொள்ளவேண்டும்.

இதில் எங்களுக்கே ஒருமுறை சறுக்கல் நேர்ந்தது. தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம், திரையரங்குக்கு 24. அந்தக் காலத்தில் எங்கள் கணினியில் அமைப்பு 25-இல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. 12 விநாடிக்கு 300 ஃபிரேம்களை உருவாக்கிக் கொடுத்துவிட்டோம். திரையரங்குக்கான பிரதியில் அவை 24 வீதம் ஓடியபோது படம் பன்னிரண்டரை விநாடியாக நீண்டது. ஒலி மட்டும் தன் பன்னிரண்டு விநாடியிலேயே நின்றது. பத்தாவது விநாடியில் மணி அடித்தது. பெயர் வந்து உட்கார்ந்தது அதற்குப் பத்து ஃபிரேம் கழித்து. தயாரிப்பாளரின் குடும்பமே முன்வரிசையில் அமர்ந்திருந்த முன்னோட்டக் காட்சி அது. மணியோசைக்கும் பெயருக்கும் நடுவே இருந்த அந்த அரை விநாடிக்கும் குறைந்த நேரம், எனக்கு மட்டும் மிக நீண்டதாக இருந்தது.

இன்னொரு செய்தி. இன்றைய திரையரங்குகளில் ஒலி குறைந்தது ஆறு வழிகளாகப் பிரிந்து வருகிறது: முன்புறம் இடம், நடு, வலம், பக்கவாட்டிலும் பின்னாலும் இரண்டு, அடிவயிற்றில் உணரப்படும் தாழ்ந்த அதிர்வுக்கு ஒன்று. கைப்பேசிக்காகச் செய்த இரண்டு வழி ஒலியை அப்படியே கொடுத்தால் லோகோ முன்பக்கத்திலேயே ஒலித்துவிட்டு ஓய்ந்துவிடும்; அடுத்து வரும் படம் அரங்கம் முழுவதையும் நிறைக்கும்போது லோகோ ஏழையாகத் தெரியும்.

திரையின் அளவு

பெரும்பாலான கணினி வேலைகள் வீட்டுத் தொலைக்காட்சியின் வடிவத்தில் நடக்கின்றன: அகலம் 1920 புள்ளி, உயரம் 1080. தமிழ்ப் படங்களோ பெரும்பாலும் ஸ்கோப் என்னும் நீண்ட வடிவில் வருகின்றன. அதன் அகலம் உயரத்தைப்போல ஏறத்தாழ 2.39 மடங்கு. திரையரங்குகளுக்கு இப்போது பிலிம் சுருளுக்குப் பதிலாக அனுப்பப்படும் மின்னணுப் பொட்டலமான டி.சி.பி.யில் ஸ்கோப் படத்தின் அளவு 2048-க்கு 858. தொலைக்காட்சி வடிவில் செய்த லோகோவை இந்த அகலத்துக்குப் பெரிதாக்கினால் உயரம் 1152 ஆகிவிடும். அதில் 858 போக மீதி, அதாவது மேலும் கீழுமாகச் சேர்த்துக் கால் பங்கு, வெட்டுப்படும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் போடும் ‘வழங்கும்’ என்ற சொல் பாதி அறுந்து தொங்குவதைப் பல படங்களில் காணலாம். வெட்டாமல் வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். இரண்டும் வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே இரு வடிவங்களுக்கும் தனித்தனியாக அமைத்துக்கொள்வதுதான் வழி.

யாருக்குச் சொந்தம்?

பெயரையும் குறியையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம். சென்னையில் அதற்கான பதிவகம் கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. பதிவு பத்து ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளவேண்டும். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒலியையும் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம்: 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கோப்பும், அதன் இசைக்குறிப்பும் கொடுக்கவேண்டும்.

அதற்கு முன்பே வேறொரு கேள்வி இருக்கிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஆயத்த டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. சட்டப்படி அதற்கு உரிமம் வாங்கியிருந்தாலும், அதே தங்கத் துகள்கள் அதே வேகத்தில் சுழன்று அதே இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயராகக் கூடுவதை இன்னொரு படத்தில் பார்க்க நேரும். அடையாளத்துக்கென்று செய்த ஒன்று, இன்னொருவருடையதோடு அடையாளம் தெரியாமல் கலந்துபோகும். தனியாகச் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தாலும், பதிப்புரிமையை (காப்பிரைட்) எழுத்துமூலமாக மாற்றி வாங்கிக்கொள்ளவேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. இசைக்கும் இது பொருந்தும்.

கடைசி ஃபிரேம்

புதியவர்கள் பெரும்பாலும் லோகோவின் தொடக்கத்தைப் பற்றியே பேசுகிறார்கள்: யானை வரட்டும், மயில் தோகை விரிக்கட்டும், குத்துவிளக்கு எரியட்டும், பூமி சுழலட்டும். எட்டு விநாடிக்குள் இந்த நான்கையும் கேட்டவர் ஒருவர் இருந்தார். நாங்கள் மயிலோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு வரும் வேலைகளில் நான் முதலில் வரைந்து பார்ப்பது கடைசி ஃபிரேமை. எல்லா அசைவும் ஓய்ந்து, பெயர் மட்டும் தெளிவாக நிற்கும் படம் அதுதான். அங்கிருந்து பின்னோக்கி நடந்து, இது எங்கிருந்து கிளம்பி வந்தால் பொருந்தும் என்று யோசிப்பது எளிது. முன்னாலிருந்து தொடங்கினால் யானையும் மயிலும் இடத்தை அடைத்துக்கொண்டு, பெயர் கடைசி அரை விநாடியில் மூச்சுத் திணறி வந்து சேரும்.

எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பதில் எப்போதும் இழுபறிதான். தயாரிப்பாளர், "இன்னும் கொஞ்சம் நிக்கட்டுமே" என்பார். இயக்குநர், ஏற்கெனவே நான்கு நிறுவனங்களின் லோகோவில் ஒரு நிமிடம் போய்விட்டது என்ற எரிச்சலில், "சட்டுனு போகட்டும்" என்பார். எங்கள் அறையில் வழக்கமாக 48 ஃபிரேமில், அதாவது இரண்டு விநாடியில் உடன்பாடு ஏற்படும். அதன் பிறகு 12 ஃபிரேம் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பையும் லோகோவின் கோப்பிலேயே சேர்த்துக் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் படத்தொகுப்பு மேசையில் முதல் காட்சி லோகோவின் வாலோடு ஒட்டிக்கொள்ளும். மணியின் கார்வை அடங்குவதற்குள் கதாநாயகனின் வீட்டுக் காக்கை கரையத் தொடங்கிவிடும்.